வலையேறிய வகுப்பறை: பாடப்பதிவுகள் யார் கைக்கு எட்டுகின்றன?

“எல்லாப் பாடமும் செல்போனிலேயே கிடைக்கிறதே, அப்புறம் படிக்க என்ன கேடு?” என்று கல்லூரிப் பிள்ளைகளைப் பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர், ஐஐடி பேராசிரியர் வெப்ப இயக்கவியலை விளக்குவதைப் பேருந்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துத் தேர்வுத்தாள்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம். யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் அதே மாணவி, தான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் தன் சொந்தக் கல்லூரியில் நடந்த பாடத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்? வாட்ஸ்அப் குழுவில் யாரோ சாய்வாக எடுத்துப் போட்ட கரும்பலகைப் படம், ஓரம் வெட்டுப்பட்ட ஒரு பிடிஎஃப், அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பும் ஒரு டிரைவ் லிங்க்.

ஊர் உலகத்துப் பாடமெல்லாம் கைக்கு வருகிறது. தன் வகுப்புப் பாடம் மட்டும் வரவில்லை. இந்த முரண் எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வரலாறு, டேட்டா, காப்புரிமை, மொழி, மாற்றுத்திறனாளிகளின் தேவை எனப் பல பக்கங்களிலிருந்து பார்த்தாலும் அடியில் தெரியும் காரணம் ஒன்றுதான். பாடத்தைப் பதிவு செய்ய ஆள் இருக்கிறார்கள், வலையேற்ற ஆள் இருக்கிறார்கள். ஏற்றியதை வகைப்படுத்தி, காத்து, கேட்டவர் கையில் கொடுக்கும் வேலை மட்டும் பெரும்பாலான கல்லூரிகளில் யாருடைய வேலையாகவும் இல்லை.

ஒளிபரப்பு முதல் பதிவேற்றம் வரை

பல்கலைக்கழகப் பாடத்தைத் தொலைவிலிருந்து கேட்பது கொரோனா காலத்தில் பிறந்த வழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நாடு தழுவிய வகுப்பறை’ 1984 ஆகஸ்ட் 15 அன்றே இன்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தூர்தர்ஷனில் தொடங்கிவிட்டது. அதற்காக உருவான பல்கலைக்கழக ஊடக மையங்களின் வரிசையில் அண்ணா பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எடுசாட், கல்விக்கென்றே விண்ணுக்குப் போன செயற்கைக்கோள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, நேரம். ஒளிபரப்பும் வேளையில் டி.வி. முன் உட்கார்ந்திருக்க வேண்டும். கரண்ட் போனால் பாடமும் போனது. நிறுத்திக் குறிப்பெடுக்கவோ, புரியாத இடத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கவோ வழியில்லை.

அந்த நிலை மாறத் தொடங்கிய ஆண்டு 2001. ஏப்ரலில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப்பொருட்களை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் தருவதாக அறிவித்தது. மறு ஆண்டே 50 பாடங்களுடன் ‘ஓப்பன்கோர்ஸ்வேர்’ தளம் வந்தது. காணொலி அதில் அப்போது குறைவு. பாடத்திட்டம், விரிவுரைக் குறிப்பு, வீட்டுக்கணக்கு, தேர்வுத்தாள் ஆகியவைதான் மிகுதி. தமிழ்நாட்டில் அதே 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் அதன் பட்டப்படிப்புப் பாடங்களை, மாணவராகப் பதியாதவரும் படிக்கலாம். 2002 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் ‘மூடுல்’ என்ற இலவசக் கற்றல் மேலாண்மை மென்பொருளை வெளியிட்டார். தமிழகத்திலும் இலங்கையிலும் பல பல்கலைக்கழகங்களில் ‘எல்எம்எஸ்’ என்று மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

இந்தியாவின் பெரிய முயற்சி என்பிடெல். 1999இல் யோசனையாக எழுந்து, 2003இல் மத்திய அரசின் நிதியோடு ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. 2017 ஜூலையில் சுவயம் தளமும், இணையம் எட்டாத வீடுகளுக்காக 32 டிடிஎச் சேனல்களோடு சுவயம் பிரபாவும் வந்தன. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை சுவயத்தில் படித்து கிரெடிட் பெறலாம் என்று மானியக் குழு 2016இல் விதி செய்தது. 2021இல் அந்த வரம்பு 40 சதவீதமாக உயர்ந்தது. பொதுக் கிடங்கின் கதை இவ்வாறு இருபது ஆண்டுகள் மெல்ல மெல்ல வளர்ந்த கதை.

கல்லூரிகளின் சொந்தக் கிடங்குக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் வளாகங்கள் பூட்டப்பட்டன, சில வாரங்களுக்குள் ஸூம், கூகுள் மீட், டீம்ஸ் என்று கையில் கிடைத்ததில் வகுப்புகள் நடந்தன, பதிவுகள் குவிந்தன. குவிந்ததை என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் வளாகங்கள் திறந்துவிட்டன. அவசரத்துக்குப் போட்ட கொட்டகையே பல இடங்களில் நிரந்தரக் கட்டடமாக நின்றுவிட்டது.

இரண்டு கிடங்குகள்

என்பிடெல் பாடம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் வாரம் வாரமாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு விரிவுரைக்கும் எண்ணும் தலைப்பும் உண்டு. காணொலி பெரும்பாலும் அரைமணி அளவில் முடியும். பல பாடங்களில் பேராசிரியர் பேசியது முழுவதும் தட்டச்சு செய்யப்பட்ட பிடிஎஃப் பக்கத்திலேயே இருக்கும். பாடம் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டி நேரில் போய் எழுத வேண்டும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். சுவயத்திலும் இதே ஒழுங்குதான். காணொலி, அச்சிடத்தக்க பாட உரை, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், சந்தேகம் கேட்கும் மன்றம் ஆகிய நான்கும் ஒரு பாடத்தில் இருந்தாக வேண்டும் என்பது அதன் இலக்கணம்.

இனி ஒரு கல்லூரியின் கூகுள் கிளாஸ்ரூமுக்குள் போவோம். போட்ட தேதி வரிசையில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ‘யூனிட் 2’, ‘யூனிட் 2 நியூ’, ‘யூனிட் 2 ஃபைனல்’ என்று மூன்று கோப்புகள். எது கடைசி என்று போட்டவரைத்தான் கேட்க வேண்டும். இன்டர்னல் தேர்வுத் தேதி, கட்டண நினைவூட்டல், விளையாட்டு விழா அறிவிப்பு ஆகியவையும் அதே வரிசையில். மீட் பதிவின் பெயரில் சில எழுத்துகளும் ஒரு தேதியும் மட்டும் இருக்கும். அன்று என்ன பாடம் நடந்தது என்பது இருக்காது. திறந்தால் முதலில் வருகைப்பதிவு. பிறகு “ஆடிபிளா இருக்கா?”, “ஸ்க்ரீன் தெரியுதா?”. மைக்கை அணைக்க மறந்த யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். ஒரு மணி நேரப் பதிவில் ஃபூரியர் தொடர் எங்கே தொடங்குகிறது என்று, தேர்வுக்கு முந்தைய இரவு, விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும்.

இதற்கு ஆசிரியரைக் கடிந்து பயனில்லை. என்பிடெல் பாடத்தின் பின்னால் படப்பிடிப்புக் கூடம், படத்தொகுப்பாளர், பேச்சை எழுத்தாக்குபவர், பாட உதவியாளர் என்று ஒரு குழுவே நிற்கிறது. கல்லூரி ஆசிரியரோ தன் லேப்டாப்பில், தன் டேட்டாவில், அடுத்த வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் ஏற்றியவர். கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கச் சொல்லி அவருக்கு ஒரு வழிகாட்டுதல்கூடத் தரப்பட்டிருக்காது.

மாணவர்கள் காத்திருப்பதில்லை, தங்களுக்கான வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சீனியரின் பென் டிரைவ், டெலிகிராம் சேனல், யூடியூபில் தமிழில் நடத்தும் யாரோ ஒரு முகம் தெரியாத ஆசிரியர். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் துறை, செமஸ்டர், பாடம் சொன்னால் போதும், ஸ்பைரல் பைண்டிங் போட்ட நோட்ஸ் அடுத்த நிமிடம் கையில் வரும். வகைப்படுத்துவதில் கடைக்காரர் பல கல்லூரித் தளங்களுக்குப் பாடம் எடுக்கலாம். ஆனால் இந்த வழிகளில் வருவது சரியான பதிப்பா, பிழை திருத்தியதா, பழைய பாடத்திட்டமா என்று உத்தரவாதம் சொல்ல ஆளில்லை.

டேட்டா என்னும் மறைமுகக் கட்டணம்

இலவசப் பாடத்துக்கும் ஒரு விலை உண்டு, அது ரீசார்ஜில் போகிறது. தேசிய மாதிரி ஆய்வின் 2017–18 கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் கணினி இருந்தது 10.7 சதவீதத்தில், இணைய வசதி இருந்தது 23.8 சதவீதத்தில். நகரத்தில் 42 சதவீதமாக இருந்த இணைய வசதி கிராமத்தில் 14.9 சதவீதம்தான். இந்த நிலத்தின் மேல்தான் 2020இல் ஆன்லைன் வகுப்புகள் இறங்கின. மலிவு டேட்டா பரவிய பிறகு செல்போன் பலரிடமும் வந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் போன் என்றால், வகுப்பு நடக்கும் காலைவேளையில் அது மாணவர் கையில் இருக்காது. இத்தகைய வீடுகளில் நேரலை வகுப்பைவிடப் பதிவுதான் உண்மையான வகுப்பு.

தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. 2 ஜிபி எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரக் காணொலி, 360பி தரத்தில் ஏறத்தாழ 200 முதல் 300 எம்பி பிடிக்கும். 720பி என்றால் ஒரு ஜிபியை நெருங்கும். அந்த உயர் தரத்தில் இரண்டு வகுப்பு பார்த்தால் அன்றைய கோட்டா முடிந்தது. அதே விரிவுரையின் ஒலியை மட்டும் 64 கேபிபிஎஸ் தரத்தில் சேமித்தால் ஒரு மணிக்கு 29 எம்பி. பேச்சின் எழுத்து வடிவமோ சில நூறு கேபி. திரையில் அசையாத ஸ்லைடும் மூலையில் ஒரு முகமும் மட்டுமே இருக்கும் வகுப்புக்குக் காணொலியைத் தவிர வேறு வடிவம் தராமல் இருப்பது, ஏழை மாணவரின் ரீசார்ஜில் கை வைப்பதற்குச் சமம். ஸ்லைடுகள் தனி, ஒலி தனி என்று கொடுத்தால் செலவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். கணினி மையத்தில் ஒருவர் சில நிமிடங்களில் செய்யக்கூடிய வேலை இது.

இதே சிக்கலை இலங்கை வேறு விதமாக அணுகியது. அங்குப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பு முன்பே இருந்தது. 2020இல் அதன் வழியாக ஸூம் வகுப்புகள் நடத்தப்பட்டன. பல்கலைக்கழக எல்எம்எஸ் தளங்களுக்கும் அந்த வகுப்புகளுக்கும் செலவாகும் டேட்டாவுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் அப்போது கட்டணம் வாங்கவில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்த மாணவருக்குத் தன் பல்கலைக்கழகத் தளத்தைத் திறக்க டேட்டா கார்டு தேவைப்படவில்லை. மாணவர் கையில் இத்தனை ஜிபி என்று கொடுப்பதைவிட, பாடம் இருக்கும் தளத்தையே கட்டணமற்றதாக்குவது குறி தவறாத உதவி. கொடுத்த டேட்டா எங்கு வேண்டுமானாலும் போகும்; கட்டணமற்ற தளம் படிப்புக்கு மட்டும் போகும்.

கருவியின் பக்கம் தமிழகம் முன்பே யோசித்திருக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகச் சொன்ன 2025–26 பட்ஜெட்டும் அதற்குச் சான்று. கருவி வந்துவிட்டால், அடுத்து அதில் எதைத் திறப்பது என்ற கேள்வி கல்லூரியின் முன் வந்து நிற்கும்.

கடவுச்சொல்லும் காலாவதியும்

நூலகத்தில் வாங்கிய புத்தகம் தானாக மறைந்து போவதில்லை, ஆனால் வலையேறிய பாடம் மறையும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பதிவுகள் 2021 முதல் தனிநபர் கணக்கில் சேமிக்கப்படுகின்றன. யாரும் அமைப்பை மாற்றாவிட்டால் அவை ஒரு தவணை முடிந்ததும் தாமாக நீங்கிவிடும். அந்தத் தவணை முதலில் 60 நாளாக இருந்து பிறகு 120 நாளாக ஆனது. ஜூன் இறுதியில் பருவம் தொடங்கி நவம்பரில் தேர்வு வருகிறது என்றால், முதல் யூனிட்டின் பதிவு அக்டோபர் இறுதியிலேயே போய்விடும். தேர்வுக்குத் திரும்பிப் பார்க்கத்தான் பதிவு தேவை. அந்த நேரத்தில் அது இல்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் சரியாகும் சிக்கல்தான். தட்ட வேண்டும் என்று தெரிந்தவர் யார் என்பதே கேள்வி.

கூகுளும் தன் பங்குக்குக் கதவைச் சாத்தியது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பிடத்தை இனி நிறுவனத்துக்கு மொத்தம் 100 டிபி என்று சுருக்குவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. 5,000 பேர் உள்ள கல்லூரியில் இது தலைக்கு 20 ஜிபி. மின்னஞ்சல், படங்கள், அசைன்மென்ட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கல்லூரி நிர்வாகம் இடத்தைக் காலி செய்யக் கிளம்பினால் முதலில் கண்ணில் படுவது பெரிய கோப்புகள், அதாவது வகுப்புப் பதிவுகள்.

இதில் அதிகம் அடிபடுபவர் அரியர் வைத்திருப்பவர். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிமுறைகள் 2013, 2017, 2021 என்று மாறி வந்திருக்கின்றன. பழைய விதிமுறையில் ஒரு தாளை நிறுத்தி வைத்திருக்கும் மாணவருக்கு, இப்போது வகுப்பில் நடக்கும் பாடம் முழுவதும் பொருந்தாது. அவருடைய காலத்துக் கிளாஸ்ரூம் மூடப்பட்டிருக்கும். படிப்புக் காலம் முடிந்ததால் கல்லூரி மின்னஞ்சலும் முடக்கப்பட்டிருக்கும். பாடம் நடத்தியவரும் வேறு கல்லூரிக்கு மாறியிருக்கலாம். யாருக்குப் பதிவு மிகவும் தேவையோ அவருக்குத்தான் அது முற்றிலும் மறுக்கப்படுகிறது.

ஆய்விதழ்களின் பக்கம் நிலைமை இதைவிட நம்பிக்கை தருகிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். பயன்பெறுபவை 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். இன்ஃப்லிப்நெட் மையம் வழியாக இது நடக்கிறது. ஆனால் தனியார் கல்லூரிகளில் படிக்கும் பெருந்திரள் முதற்கட்ட வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவையாக உள்ள தமிழகத்தில் இது சிறிய இடைவெளி இல்லை.

சட்டம் எந்தப் பக்கம்?

பாடப்பொருளைப் பகிர்வது குற்றமாகுமோ என்ற அச்சம் ஆசிரியர்களிடமும் நிர்வாகத்திடமும் உண்டு. இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் மாணவர் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. டெல்லி பொருளியல் கல்லூரி வளாகத்தில் பாடத்தொகுப்புகளைப் படியெடுத்து விற்ற ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி கடையின் மீதும் டெல்லி பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா அதைத் தள்ளுபடி செய்தார். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதைக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஐ) பிரிவு அனுமதிக்கிறது என்பது தீர்ப்பின் அடிப்படை. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வும் இக்கருத்தை ஏற்று, சில உண்மை விவரங்களை மட்டும் விசாரணைக்கு அனுப்பியது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. தாளில் எடுத்த நகலைப் பற்றிய தீர்ப்பு இது. கடவுச்சொல் போட்ட கல்லூரித் தளத்தில் அதே பக்கங்களை அதே வகுப்புக்கு மட்டும் வைப்பதற்கும் இதே தர்க்கம் நீளும் என்று வாதாட இடமிருக்கிறது. எல்லோருக்கும் திறந்த தளத்தில் முழு நூலையே போடுவது வேறு கதை.

விரிவுரை யாருக்குச் சொந்தம் என்பது இன்னும் சுவையான கேள்வி. காப்புரிமைச் சட்டம் ‘நிகழ்த்துநர்’ யார் யார் என்று சொல்லும்போது நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோரோடு விரிவுரை ஆற்றுபவரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது. எனவே அவர் சம்மதம் இல்லாமல் வகுப்பைப் பதிவு செய்து வெளியே விடுவது அவருடைய உரிமையில் கைவைப்பதாகும். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவு செய்பவர் தம் சொந்தப் பயனுக்கும், நேர்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் செய்யும் பதிவுகளுக்கு விலக்குத் தருகிறது. மாணவர் தன் குறிப்புக்காக ஒலிப்பதிவு செய்வதும், ஆசிரியரின் திணறலை வெட்டி ரீல்ஸ் போடுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகாது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்து செல்போனையே தடைசெய்யும் கல்லூரிகள், இரண்டாவதற்குப் பயந்து முதலாவதையும் இழக்கின்றன.

ஆசிரியரின் அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் கலை வரலாற்றுப் பாடம் படித்த மாணவர் ஒருவர், காணொலியில் பாடம் நடத்திய பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப முகவரி தேடினார். அவர் 2019 மார்ச்சிலேயே இறந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. உதவி ஆசிரியர்கள் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்றாலும், பதிவு கையில் இருந்தால் ஆள் தேவையில்லை என்று நிர்வாகம் நினைக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியை அது உலகெங்கும் கிளப்பியது. பணி நிரந்தரம் இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் நிறைந்த நம் கல்லூரிகளில் இது கற்பனைப் பயம் என்று ஒதுக்க முடியாது. பதிவு எத்தனை ஆண்டு பயன்படும், எந்த வகுப்புக்கு, ஆசிரியர் விலகினால் என்ன ஆகும் என்பவற்றை ஒரு பக்க ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் பாதி அச்சம் தீரும்.

காதுக்கும் கண்ணுக்கும் மொழிக்கும்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் தன் விரிவுரைகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருந்தது. காது கேளாதோருக்கான கல்லாடட் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் இருவர், அவற்றில் எழுத்துரை இல்லை என்று முறையிட்டார்கள். 2016இல் அமெரிக்க நீதித்துறை அது சட்டமீறல் என்று கண்டது. எழுத்துரை சேர்க்கச் செலவாகும் என்று சொல்லி, 2017 மார்ச்சில் 20,000க்கு மேற்பட்ட பதிவுகளைப் பெர்க்லி பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. காது கேளாதவருக்குக் கிடைக்காதது கேட்பவருக்கும் இல்லாமல் போனது. 2022இல் நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில் தன் இணையப் பாடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்றப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வசதி, ஒருநாள் மொத்தக் கிடங்கையே மூடும் சாக்காக மாறும் என்பதற்கு இதைவிட எடுப்பான சான்று கிடைக்காது.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்களை மாற்று வடிவில் தர வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்பளித்த நாடும் இந்தியாதான். சட்டம் முன்னே போக, நடைமுறை பின்தங்கியிருக்கிறது. புத்தகத்தைப் போனில் படமெடுத்துச் செய்த பிடிஎஃப், திரைவாசிப்பானுக்கு வெறும் படம். அதில் ஓர் எழுத்தையும் அது வாசிக்காது. “இதை இங்கே கொண்டுவந்தால் இது வரும்” என்று கரும்பலகையைச் சுட்டிக் காட்டிச் சொல்லும் கணக்கு வகுப்பின் ஒலிப்பதிவில் பார்வையற்ற மாணவருக்கு எதுவும் இல்லை. “எக்ஸ் வர்க்கத்தை இடப்பக்கம் கொண்டுவருகிறேன்” என்று வாய்விட்டுச் சொன்னால் அவருக்கும் புரியும், ஒலியை மட்டும் கேட்பவருக்கும் புரியும்.

மொழியிலும் இதே கதை. நம் கல்லூரி வகுப்புகள் பெரும்பாலும் இருமொழி வகுப்புகள். பாடப்புத்தகமும் தேர்வும் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், கலைச்சொல் மறுபடியும் ஆங்கிலத்தில். தானியங்கி எழுத்துரையை ஆங்கிலத்துக்கு வைத்தால் தமிழ் வாக்கியங்கள் அர்த்தமற்ற ஆங்கிலச் சொற்களாக வந்து விழுகின்றன. என்பிடெல் தன் பாடங்களில் பலவற்றைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் எழுத்தாக மொழிபெயர்த்துத் தருவது இந்த இடத்தில் பெரிய துணை. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து முதலாமாண்டு பொறியியலில் மூச்சுத் திணறும் மாணவர், ஆங்கிலக் காணொலியைத் தமிழ் உரையோடு சேர்த்துப் பார்க்கலாம். நிறுத்தி, அகராதியைப் பார்த்து, திரும்ப ஓட்டும் வசதிக்கு மொழித்தடையைக் குறைக்கும் சக்தி உண்டு. நேரடி வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படும் மாணவர், காணொலியைப் பத்து முறை நிறுத்தினாலும் யாரும் சிரிப்பதில்லை.

பதிவு இருந்தால் வகுப்பு காலியாகுமா?

பதிவுகளைத் தயங்கித் தயங்கித் தரும் ஆசிரியர்கள் சொல்லும் முதல் காரணம் இது. உலக அளவில் நடந்த ஆய்வுகள் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. வருகை குறைந்த இடமும் உண்டு, குறையாத இடமும் உண்டு. வகுப்புக்கும் வந்து, பதிவையும் துணையாக வைத்துப் படிப்பவர் பயனடைகிறார். வகுப்புக்குப் பதிலாகப் பதிவை நம்பி, அதையும் கடைசி வாரத்துக்குத் தள்ளுபவர் தடுமாறுகிறார் என்பதே பலவற்றின் சாரம். 75 சதவீத வருகை இல்லாமல் ஹால் டிக்கெட் கிடைக்காத நம் ஊரில், வெளிநாட்டுக் கவலையை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. இங்கே வகுப்பில் உடல் இருக்கும். கவனம் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

பார்க்கும் முறை பற்றியும் தெரிந்துகொள்ளத்தக்க சில முடிவுகள் உண்டு. எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் நடந்த 69 லட்சம் பார்வைகளை அலசி 2014இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொலிகளில்தான் மாணவர் கவனம் நிலைக்கிறது என்றது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தாலும் புரிதல் பெரிதாகக் குறையவில்லை. இரண்டரை மடங்கில்தான் சரிகிறது என்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. அறுபது நிமிடப் பதிவை அப்படியே போடுவதைவிட, “3ஆம் நிமிடம் வரையறை, 17ஆம் நிமிடம் தேற்றம், 40ஆம் நிமிடம் மாதிரிக் கணக்கு” என்று மூன்று வரி எழுதிவைப்பது மாணவருக்குப் பெரிய உதவி. ஒரு வகுப்புக்கு ஒரு மாணவர் என்று முறைவைத்தால் அவர்களே இதைச் செய்துவிடுவார்கள். செய்பவருக்குப் பாடமும் மனதில் நிற்கும்.

நூலகரிடம் ஒப்படையுங்கள்

இத்தனை சிக்கல்களும் வேறுவேறாகத் தெரிந்தாலும் தீர்வு தேடிப் போகும்போது ஒரே மேசையில் வந்து சேர்கின்றன. பெயரிடுதல், வகைப்படுத்தல், பிரதி காத்தல், உரிமை பார்த்தல், தேடி வருபவருக்கு எடுத்துக் கொடுத்தல் ஆகியவை நூலகரின் பரம்பரை வேலைகள். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தும் நூலின் பயன்பாட்டையும் வாசகரையும் மையமாக வைத்தவை. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. அந்த அளவுகோலை வகுப்புப் பதிவுகளின் மேல் வைத்துப் பார்த்தால் நம் கல்லூரித் தளங்கள் பல தேறாது. ரங்கநாதன் பிறந்த மண்ணில் வகுப்புப் பதிவுகள் நூலகரின் கண்ணில் படாமலே குவிந்து, படாமலே அழிகின்றன.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. பாடக் குறியீடு, யூனிட், தேதி, தலைப்பு என்ற வரிசையில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே முறையில் பெயர். காணொலியோடு ஒலியும் ஸ்லைடும் தனித்தனியாக. முக்கியப் பாடங்களுக்காவது எழுத்து வடிவம். அந்தப் பாடத்திட்டத்தில் கடைசி மாணவர் தேர்வெழுதும் வரை பதிவு நீக்கப்படாது என்ற உறுதி. வளாக வைஃபையில் இறக்கி வீட்டில் டேட்டா இல்லாமல் பார்க்கும் அனுமதி. ஆசிரியரின் உரிமையைக் காக்கும் ஒப்பந்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, லிங்க் திறக்கவில்லை என்றால் போய் நிற்க ஓர் ஆள், அவருக்கு ஒரு பதவிப்பெயர்.

அதுவரை மாணவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். பதிவு வந்த வாரமே இறக்கி, தேதியும் தலைப்பும் போட்டுச் சேமிப்பது, நாலு பேர் சேர்ந்து ஒரு ஹார்டு டிஸ்க் வைத்துக்கொள்வது, ஒலிப்பதிவுக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குவது, தன் பாடத்துக்கு இணையான என்பிடெல் பாடத்தைப் பருவத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து வைப்பது. இவை கெட்டிக்கார மாணவர்கள் ஏற்கெனவே செய்பவை. ஆனால் கெட்டிக்காரத்தனம் இருந்தால்தான் பாடம் கிடைக்கும் என்ற நிலை, கல்லூரி வாங்கும் கட்டணத்துக்கு நியாயம் செய்யாது.

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்ய வரும் குழுக்கள் எத்தனை ஸ்மார்ட் வகுப்பறை, எத்தனை கணினி, எத்தனை எம்பிபிஎஸ் என்று எண்ணுவதோடு இன்னொன்றையும் செய்யலாம். ஏதாவது ஒரு மாணவரை அழைத்து, போன பருவத்தின் ஏதாவது ஒரு வகுப்பைத் தன் போனில் திறந்து காட்டச் சொல்லலாம். திறந்தால் கல்லூரிக்கு மதிப்பெண். திறக்காவிட்டால் அதன் அறிக்கையில் உள்ள டிஜிட்டல் வளாகம் அத்தியாயத்தைப் படிக்காமலே புரட்டிவிடலாம்.